மதிப்பெண் பட்டியல் இருக்கட்டும், வந்திறங்கிய தேதியைச் சொல்லுங்கள்

கேள்வி: கலிபோர்னியாவின் பிரீமான்ட்டில் ஏழு ஆண்டுகளாக எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) இருக்கிறேன். வயது 41. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தேன். மழலையர் பள்ளி ஆசிரியை ஆக ஆசை. அண்ணன் குடும்பம், அண்ணியின் அக்கா போட்ட மனுவில் கிரீன் கார்டு கிடைத்து, இந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று இங்கே வந்திறங்கியது. அண்ணன் மகளுக்கு வயது 20. திருநெல்வேலி பக்கம் தமிழ் வழியில் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். நர்சிங் படிக்கணும் என்கிறாள். தமிழ் வழி, காமர்ஸ் குரூப் என்பதெல்லாம் குறையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என் மகன் இங்கே பதினோராம் வகுப்பு. நாத்தனார் மகன் சென்னையிலிருந்து வரப் பார்க்கிறான். முதலில் டூரிஸ்ட் விசாவில் வந்து எங்கள் வீட்டில் தங்கட்டும், அப்புறம் கல்லூரியில் சேரட்டும் என்கிறார் நாத்தனார். யாரைக் கேட்டாலும் 'கம்யூனிட்டி காலேஜில் சேருங்கள்' என்கிறார்கள். எங்களில் யாருக்கு என்ன தகுதி வேண்டும், எவ்வளவு மதிப்பெண் வேண்டும், என்னென்ன சான்றிதழ் ஊரிலிருந்து வரவழைக்க வேண்டும்? அம்மா கம்யூனிட்டி சர்டிபிகேட்டையும் எடுத்து அனுப்பவா என்று கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். கம்யூனிட்டி காலேஜில் சேரக் கம்யூனிட்டி சர்டிபிகேட் வேண்டாம். நம் ஊரில் அந்தச் சொல் சாதிக்கென்றே ஆகிவிட்டது. இங்கே அது அந்த வட்டாரத்து மக்களைக் குறிக்கிறது. மாற்றுச் சான்றிதழும் வேண்டாம், நன்னடத்தைச் சான்றிதழும் வேண்டாம். கட்-ஆஃப், கலந்தாய்வு எதுவும் கிடையாது. கலிபோர்னியாவில் இருக்கும் 116 அரசு கம்யூனிட்டி கல்லூரிகளிலும் விதி ஒன்றுதான். பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லையா, 18 வயது நிரம்பி, பாடத்தைக் கேட்டுப் பயன்பெறும் நிலையில் இருந்தால் போதும்.

மதிப்பெண்ணே கேட்காத கல்லூரி என்றால் மட்டமான கல்லூரியாகத்தானே இருக்கும் என்று உங்கள் அண்ணன் நினைக்கக்கூடும். என்னிடம் வரும் அப்பாக்களில் பாதிப் பேர் இதை வாய்விட்டே கேட்கிறார்கள். மாநிலம் 1960இல் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் முதல் 12.5 சதவீதம் பேர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, மற்ற எல்லாருக்கும் இந்தக் கல்லூரிகள். இங்கே இரண்டு ஆண்டு படித்து 60 யூனிட் (பாடங்களை அளக்கும் கணக்கு, ஒரு பாடம் வழக்கமாக மூன்று யூனிட்) சேர்த்தால் அந்தப் பெரிய பல்கலைக்கழகங்களில் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். கதவை எல்லாருக்கும் திறந்து வைப்பது என்று யோசித்து எடுத்த முடிவு அது.

சரி, சேர்வது இவ்வளவு எளிது என்றால் சிக்கல் எங்கே? விண்ணப்பப் படிவத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. நீங்கள் எந்தக் குடியேற்ற நிலையில் இருக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து கலிபோர்னியாவில் வசிக்கிறீர்கள் என்று அது கேட்கும். கல்லூரி உங்களை ரெசிடென்ட் (கட்டணக் கணக்கில் மாநிலவாசி) என்று எடுத்துக்கொள்வதா, நான்-ரெசிடென்ட் என்று எடுத்துக்கொள்வதா என்பதை அந்தப் பக்கம்தான் முடிவு செய்கிறது. ரெசிடென்டுக்கு ஒரு யூனிட் 46 டாலர். முழுநேரப் படிப்பான 12 யூனிட்டுக்கு 552 டாலர். நான்-ரெசிடென்ட் என்றால் அந்த 46க்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி அது மாறும், பெரும்பாலான இடங்களில் யூனிட்டுக்கு 300 டாலரைத் தாண்டிவிடும். அதே வகுப்பு, அதே பெஞ்சு, 3,600 டாலருக்கு மேல் வித்தியாசம். நம்மவர்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள், இந்தப் பக்கத்தை இரண்டு நிமிடத்தில் கிளிக் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எனக்கே நடந்ததுதான். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் எச்-4இல் வந்தவள். சேர்ந்தபோது ஓராண்டு ஆகவில்லை, நான்-ரெசிடென்ட் என்று போட்டார்கள். அது நியாயம்தான். அடுத்த செமஸ்டரில் ஓராண்டு தாண்டிவிட்டது. கணினி தானாக மாற்றிவிடும் என்று நினைத்துக்கொண்டு அதே கட்டணத்தை இன்னொரு முறை கட்டினேன். நாமே ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால்தான் மாற்றுவார்கள் என்று கவுன்டரில் இருந்த யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இப்போது நானே கவுன்சலராக உட்கார்ந்திருப்பதால் எதிரில் வருகிற எல்லாரிடமும் முதலில் கேட்பது வந்திறங்கிய தேதியைத்தான்.

உங்கள் விஷயத்தில் பெரிய கவலை இல்லை. எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம். கலிபோர்னியாவில் எச்-1பி, எச்-4 விசாக்காரர்கள் கட்டண விஷயத்தில் ரெசிடென்ட் ஆகவும் வழி உண்டு. உங்களுக்கோ ஏழு ஆண்டுகள் ஆகின்றன. படிவத்தில் விசா வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், குழப்பத்தில் 'மற்றவை' என்று போட்டுவிடாதீர்கள். அப்புறம் எச்-4 அனுமதிக் கடிதம், ஐ-94 என்னும் நுழைவுப் பதிவு, நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து தாக்கல் செய்த மாநில வருமான வரிப் படிவம் மூன்றையும் தயாராக வைத்திருங்கள்.

நீங்கள் கேட்கும் மழலையர் பள்ளி வேலைக்குப் பட்டமே வேண்டாம். உரிமம் பெற்ற குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியையாக, படிப்பைப் பொறுத்தவரை குழந்தை வளர்ச்சித் துறைப் பாடங்களில் 12 யூனிட் போதும். அதாவது நான்கு பாடங்கள். ஆறு யூனிட் முடித்தவுடனேயே வேலைக்கு எடுத்துக்கொண்டு, மீதியைப் படித்துக்கொண்டே முடிக்க விடுகிறார்கள். ஆகவே உங்கள் பி.ஏ. பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி இப்போதே பணம் செலவழிக்க வேண்டாம். பின்னால் இங்கே அசோசியேட் என்னும் இரண்டாண்டுப் பட்டம் வாங்கும் எண்ணம் வந்தால், பாடம் பாடமாக மதிப்பிடும் அறிக்கை வாங்கிக் கொடுத்துச் சில பொதுப் பாடங்களைக் கழித்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து வரவழைக்க வேண்டிய காகிதம் வேறொன்று: தடுப்பூசிச் சீட்டு. குழந்தைகள் காப்பகத்தில் பயிற்சிக்கோ வேலைக்கோ போவோர் தட்டம்மை, கக்குவான் இருமல் தடுப்பூசிகள் போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2016 முதல் இங்கே சட்டம் உண்டு. காசநோய் பரிசோதனையும் கேட்பார்கள். நமக்கெல்லாம் சின்ன வயதில் தோளில் பி.சி.ஜி. குத்தியிருப்பதால் தோலில் செய்யும் பரிசோதனை தடித்துக் காட்டிப் பயமுறுத்தும். இரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். படிக்கத் தடையில்லை என்றேன், சம்பளத்துக்கு வேலை பார்ப்பது வேறு. உங்கள் வீட்டுக்காரரின் கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் ஐ-140 மனு அங்கீகாரமாகி இருந்தால், 2015இல் வந்த விதிப்படி நீங்கள் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கையில் வரும்வரை எந்த காப்பகம் கூப்பிட்டாலும் சம்பளத்துக்குப் போகாதீர்கள்.

இனி அண்ணன் மகள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவள் அவள்தான்.

ரெசிடென்ட் ஆக, செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளில் அவள் கலிபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் வசித்திருக்க வேண்டும். பிரீமான்ட்டில் ஓலோனி கல்லூரியின் ஸ்பிரிங் செமஸ்டர் ஜனவரி கடைசி வாக்கில் தொடங்கும். அவள் வந்தது பிப்ரவரி 10. சுமார் இரண்டு வாரம் இடிக்கிறது. 'பிப்ரவரி கடைசியில் தொடங்கும் குறுகிய கால வகுப்பில் சேர்த்துவிடலாமே' என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதுவும் உதவாது, வகுப்பு எப்போது தொடங்கினாலும் கணக்கு செமஸ்டரின் முதல் நாளை வைத்துத்தான். ஜூனில் தொடங்கும் கோடைப் பருவத்தில் அவள் ரெசிடென்ட் ஆகலாம்.

ஆகலாம் என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே உடம்பு இருந்தால் மட்டும் போதாது, இங்கேயே தங்கும் எண்ணம் இருந்ததற்கும் ஓராண்டுக்கு முந்தைய தேதியிட்ட ஆதாரம் கேட்பார்கள். மாநில அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தத்தில் அவள் பெயர், வேலை பார்த்திருந்தால் சம்பளச் சீட்டு, இவற்றில் வழக்கமாக இரண்டு. வந்ததும் வங்கிக் கணக்கு தொடங்கியிருந்தால் அந்த முதல் மாத அறிக்கையைத் தேடி எடுத்து வையுங்கள்.

இந்த ஆதாரப் பட்டியலில் வாக்காளர் பதிவு என்றும் ஒன்று இருக்கும். அதன் பக்கமே அவள் போகக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் குடிமகன் அல்ல, வாக்காளராகப் பதிவு செய்தால் பின்னால் குடியுரிமைக்கே வினையாகும். ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்திலும் வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று திரையில் கேட்பார்கள். வேண்டாம் என்று அழுத்தச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டில் சும்மா உட்கார வேண்டியதில்லை. யூனிட் கணக்கில் வராத ஆங்கில வகுப்புகளைக் கல்லூரிகளும் வயது வந்தோர் பள்ளிகளும் நடத்துகின்றன. கல்லூரிகளில் இவற்றுக்குக் கட்டணம் கிடையாது, ரெசிடென்ட்டா இல்லையா என்ற கேள்வியும் கிடையாது. ஜனவரியிலேயே அதில் சேர்த்துவிடுங்கள். முன்பெல்லாம் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஒரு தேர்வு வைத்து, தேறாதவர்களைக் கீழ்வகுப்புகளில் தள்ளிவிடுவார்கள். பலர் அங்கேயே இரண்டு ஆண்டு கிடந்து படிப்பையே விட்டுவிட்டார்கள். 2017இல் வந்த ஏ.பி. 705 சட்டம் அதற்கு முடிவு கட்டியது. இப்போது பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், வெளிநாட்டில் படித்தவர் என்றால் சில கேள்விகளைக் கொடுத்து எந்த வகுப்பு தனக்குப் பொருந்தும் என்று மாணவரையே முடிவு செய்யச் சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பிள்ளைகள் வெட்கத்தில் மேல் வகுப்பையே தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவள் ஆங்கிலம் கற்போருக்கான வகுப்பில் ஒரு செமஸ்டர் உட்கார்வதில் என்ன குறை? முதல் செமஸ்டரிலேயே எட்டுப் பக்கக் கட்டுரை எழுத முடியாமல் எஃப் கிரேடு வாங்கினால் அது நர்சிங் விண்ணப்பம் வரைக்கும் கூடவே வரும்.

நர்சிங்குக்கு வருவோம். காமர்ஸ் குரூப் எடுத்தவள் படிக்க முடியுமா என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. முடியும். பதினைந்து வயதில் எடுத்த குரூப் ஆயுளுக்கும் தொடர்வது நம் ஊர் வழக்கம், இங்கே அது இல்லை. ஆனால் முதலில் சொன்ன திறந்த கதவு கல்லூரியின் வாசற்கதவு மட்டும்தான். உள்ளே சில அறைகள் பூட்டியிருக்கும், நர்சிங் அவற்றில் ஒன்று. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றையும் ஆய்வகத்தோடு முடித்து, ஆங்கிலத்தையும் முடித்து, அதன் பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். பல இடங்களில் இவற்றுக்கு முன்னால் வேதியியலும் கேட்பார்கள். டீஸ் என்று ஒரு நுழைவுத் தேர்வும் உண்டு. அறிவியலே படிக்காதவளுக்கு இதற்கே இரண்டு ஆண்டு, கொஞ்சம் நிதானமாகப் போனால் இரண்டரை ஆண்டு ஆகிவிடும். அதன் பிறகு நர்சிங் இரண்டு ஆண்டு. 'இரண்டு வருஷக் கோர்ஸ்' என்று சொந்தக்காரர்கள் சொல்வதை நம்பி அண்ணன் கணக்குப் போட்டிருந்தால், இப்போதே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமாக இருக்கும்போது சில கல்லூரிகள் குலுக்கல் போடுகின்றன. சில கல்லூரிகள் பல அளவுகோல்களை வைத்துப் புள்ளி தருகின்றன. இந்த இரண்டாம் வகைக்கு மாநிலச் சட்டம் வகுத்திருக்கும் அளவுகோல்களைப் பெரும்பாலானோர் படிப்பதே இல்லை. கிரேடுகளும் தேர்வும் மட்டுமல்ல, குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போகிறவர், குறைந்த வருமானம், வேலை பார்த்துக்கொண்டே படிப்பது, அகதியாக வந்தது போன்ற வாழ்க்கைச் சூழலும் அதில் அடங்கும். ஆங்கிலம் அல்லாத மொழித் தேர்ச்சியும் அடங்கும். சட்டத்தில் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கும் மொழிகளில் 'இந்தியத் துணைக்கண்டத்தின் பல்வேறு மொழிகள்' என்றே இருக்கிறது. தமிழ் வழியில் படித்தது அவளுக்குக் குறை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தப் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை மொழித் தேர்ச்சிக்கு ஆதாரமாகக் காட்ட முடியுமா என்று விண்ணப்பிக்கும் கல்லூரியில் கேட்கச் சொல்லுங்கள்.

உதவித்தொகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கிரீன் கார்டு இருப்பதால் அவள் மத்திய அரசின் ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்பலாம். அதற்கு மாநிலத்தில் ஓராண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பெல் கிராண்ட் என்னும் திருப்பித் தர வேண்டாத உதவி, அண்மை ஆண்டுகளில் அதிகபட்சம் 7,395 டாலர் வரை வந்திருக்கிறது. 24 வயதுக்குக் கீழ் என்பதால் அப்பா அம்மாவின் வருமானத்தைக் கேட்பார்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய கணக்கைத்தான் பார்ப்பார்கள் என்பதால், அண்ணன் ஊரில் சம்பாதித்ததை டாலராக மாற்றிக் காட்ட வேண்டிவரும். பள்ளி முடித்ததற்கு ஆதாரம் கேட்கப்படலாம், பிளஸ் டூ பட்டியல் இங்கேயும் கைகொடுக்கும். மாநிலத்தின் பிராமிஸ் கிராண்ட் என்பது தனி. தகுதியான வருமான வரம்புக்குள் இருந்தால் அந்த 46 டாலரையே தள்ளுபடி செய்யும், ஆனால் அவள் ரெசிடென்ட் ஆன பிறகுதான். இவற்றையெல்லாம் நிரப்பித் தருகிறோம் என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் காசில்லாமல் பக்கத்தில் உட்கார வைத்து உதவுவார்கள்.

உங்கள் அடுக்ககத்தில் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போரில் பள்ளிச் சான்றிதழ் தொலைந்தவர்கள், அந்தக் காகிதம் இல்லாமல் கல்லூரி இல்லை என்று நினைத்துக்கொண்டு எந்த வேலைக்கோ போய்விடுகிறார்கள். சேர்வதற்கு 18 வயது போதும். ஃபாஃப்சா உதவிக்குத்தான் பள்ளி முடித்ததாக இருக்க வேண்டும். அதற்குப் பள்ளிப் படிப்புக்கு ஈடான ஜிஇடி, ஹைசெட் தேர்வுகளில் ஒன்றை எழுதித் தேறினால் சரியாகிவிடும். அகதி நிலையோ தஞ்சமோ கிடைத்தவர்கள் அந்த உதவிக்குத் தகுதி உடையவர்கள்.

மகன் பதினோராம் வகுப்பு என்பதால் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கலாம். பள்ளிக் கவுன்சலரின் ஒப்புதலும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 11 யூனிட் வரை பகுதிநேரமாக எடுத்தால் பொதுவாக யூனிட் கட்டணம் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் நான்கு பாடம் எடுக்கிறான் என்று இவனையும் தள்ளாதீர்கள். பதினாறு வயதில் வாங்கும் டி கிரேடும் நிரந்தரப் பதிவு. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதை மறைக்க முடியாது. கோடையில் ஒரே ஒரு பாடம் எடுத்துப் பார்க்கட்டும். அவனுடைய எச்-4 21 வயதோடு முடிந்துவிடும் என்பதை மட்டும் இப்போதே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசி வையுங்கள், அது கல்லூரிக் கவுன்சலரின் கைக்குள் அடங்குவதில்லை.

கடைசியாக நாத்தனார் மகன். அவனுக்கு வேறு விண்ணப்பம், வேறு அலுவலகம். வெளிநாட்டு மாணவர் பிரிவில் விண்ணப்பித்து, ஆங்கிலத் தேர்ச்சியும் வங்கிக் கணக்கில் பணமும் காட்டி, கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்கி, எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வர வேண்டும். செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட். எஃப்-1இல் எத்தனை ஆண்டு இருந்தாலும் அவன் நான்-ரெசிடென்ட் கட்டணத்தில்தான் இருப்பான், ஓராண்டுக் கணக்கு அவனுக்கு ஓடாது. கம்யூனிட்டி காலேஜ் மலிவு என்று எல்லாரும் சொல்வது அவனைப் பார்த்து அல்ல. ஆனாலும் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் முதல் இரண்டு ஆண்டுச் செலவு குறையும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், அர்வைன், சாண்டா குரூஸ் உள்ளிட்ட ஆறு வளாகங்கள், கேட்கும் கிரேடுகளோடு முடித்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அந்த ஆறில் இல்லை.

'முதலில் டூரிஸ்ட் விசாவில் வந்து அத்தை வீட்டில் தங்கட்டும், அப்புறம் கல்லூரியில் சேர்ந்துகொள்ளலாம்' என்று நாத்தனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பி-2 என்னும் அந்த டூரிஸ்ட் விசாவில் இருப்பவர் பட்டப் படிப்பில் சேரக் கூடாது. இங்கே வந்தபின் மாணவர் நிலைக்கு மாற்றக் கேட்டாலும், ஒப்புதல் வரும்வரை வகுப்பில் கால் வைக்க முடியாது. இதை நீங்கள் வாயால் சொன்னால், பையன் வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று வேறு பேச்சாகிவிடும். இந்தப் பத்தியை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழி என்மேலேயே இருக்கட்டும்.